மலையகத்துக் குளிரும் நியூமோனியாவும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் மழையும் பனியும் தொடங்கிவிட்டால், இருமல் ஒலிக்காத லயன் அறையைக் காண்பது அரிது. அதனாலேயே சாதாரண தடிமனுக்கும் உயிரைப் பறிக்கும் நியூமோனியாவுக்கும் உள்ள வேறுபாடு பலவேளைகளில் உணரப்படாமற் போகின்றது.

நியூமோனியா என்பது நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் ஏற்படும் அழற்சியாகும். அவ்வறைகளில் சீழும் நீரும் நிறைவதால் குருதிக்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. பக்டீரியா, வைரஸ், பங்கசு ஆகியன இதனைத் தோற்றுவிக்கின்றன. உணவோ பாலோ சுவாசக்குழாய்க்குள் புகுவதாலும் இது ஏற்படலாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பக்டீரியாவினால் ஏற்படும் நியூமோனியாவைக் குணப்படுத்தும். வைரஸை அவை அழிப்பதில்லை. எனவே, வைத்தியரின் ஆலோசனையின்றி மருந்து வாங்கி உட்கொள்வது தவறாகும்.

குளிர் மாத்திரம் இந்நோய்க்குக் காரணமன்று. குளிருக்கு அஞ்சி ஜன்னலை அடைத்து, ஒரே அறையில் பலர் உறங்கும்போது கிருமிகள் எளிதில் தொற்றுகின்றன. விறகடுப்பின் புகை சுவாசக்குழாயின் இயற்கையான பாதுகாப்பைக் குலைக்கின்றது. போசாக்குக் குறைவு நோயைப் பாரதூரமாக்குகின்றது. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 இலட்சத்து 40 ஆயிரம் சிறுவர்கள் இந்நோயால் மரணமடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

நெஞ்சின் ஒலியைக் கேட்டும், எக்ஸ்ரே, குருதிப் பரிசோதனை மூலமும் வைத்தியர்கள் நோயை உறுதிசெய்வர். ஆனால் முதற் பரிசோதனைக்கு ஒரு மணிக்கூடே போதுமானது. இருமலுள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடத்துக்கு அதன் சுவாசத்தை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுவரை 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மூச்சிழுக்கையில் கீழ்நெஞ்சு உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, அசாதாரண மயக்கம் ஆகியன அபாய அறிகுறிகளாகும். முதியோருக்குக் காய்ச்சலின்றி, திடீர்த் தடுமாற்றமே அறிகுறியாகவும் அமையலாம்.

"வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர் போய்விடுமே" என்று தாய் தயங்கும் நிலையும், இரவில் வாகனத்துக்காகக் காத்திருக்கும் நிலையும் மாற வேண்டும். காற்றோட்டமுள்ள வீடு, புகையற்ற அடுப்பு, அவசர வாகன வசதி ஆகியன தொழிலாளருக்குக் காட்டப்படும் சலுகைகளல்ல. அவை உயிர்காக்கும் மருந்துக்கு நிகரானவை என்பதை உரியோர் உணர வேண்டும்.