நரியின் பக்கம் நின்ற ஓவியர்

பாட்டியின் வடையைத் திருடிய காகத்தை நரி ஏமாற்றிய கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டோ? அக்கதையிற் காகம் பேதை, நரியோ தந்திரசாலி. இவ்விரண்டையும் முற்றிலும் வேறான உறவில் வைத்துத் தீட்டிய ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியை அண்மையில் நம் மாணவர்க்குக் காட்டினோம். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1893ஆம் ஆண்டு வரைந்த 'நரி வேட்டை' என்பது அது. மூலப்படம் பிலடெல்பியா நகரிலுள்ளது.

எங்கும் வெண்பனி. அதிற் கால்கள் புதைய ஒரு செந்நரி தள்ளாடிச் செல்கின்றது. மாரிகாலப் பசியால் துணிவு பெற்ற காகங்கள் கருமேகம்போல் அதன்மேல் இறங்குகின்றன. அப்பால் கடலின் ஒரு கீற்று. இப்பால் பனிக்கு மேலே தலைநீட்டும் செந்நிறக் கனிகள் சில.

"வேட்டைக்காரர் எங்கே, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல கேள்வி! படத்தின் இடப்புறக் கீழ் மூலையை உற்று நோக்குமாறு கூறினோம். அங்கே ஹோமர் தம் பெயரை எழுதியிருக்கின்றார். அவ்வெழுத்துக்களும் நரியைப் போலவே பனியில் அமிழ்வன போலச் சரிந்து கிடக்கின்றன. அப்படத்திலே மனிதனுக்கு உள்ள இடம் அதுவே.

விலங்கை மனிதப் பெருமைக்குச் சின்னமாக்குவதே ஓவியர் பலரின் வழக்கம். ஆங்கில ஓவியர் லாண்ட்சீர் 1851 அளவில் வரைந்த ஸ்கொத்லாந்துக் கலைமான், மலைமீது தலைநிமிர்ந்து நிற்கும் தோற்றம் உலகறிந்தது. அதனைக் காண்கையில் நமக்கு மான் நினைவுக்கு வருவதில்லை. மன்னன் ஒருவனே நினைவுக்கு வருகின்றான். பின்னாளில் அது விஸ்கி விளம்பரமாகியதில் வியப்பென்ன?

ஹோமரின் உள்ளம் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வார இதழொன்றின் சித்திரகாரராகப் போர்முனை சென்றவர் அவர். மரக்கிளையில் அமர்ந்து, தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கியாற் குறிபார்க்கும் வீரனை 1862இல் வரைந்தார். அத்தகைய துப்பாக்கியின் கண்ணாடியூடே தாமும் ஒருமுறை நோக்கினார். அது கொலையை மிக நெருங்கிய செயலாகத் தமக்குத் தோன்றியதென்று 1896இல் ஒரு கடிதத்தில் எழுதினார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

1909இல், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில், 'வலமும் இடமும்' என்ற படத்தை வரைந்தார். கொந்தளிக்கும் கடலின் மேலே இரு வாத்துக்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியின் அடுத்தடுத்த இரு வேட்டுக்களையே அப்பெயர் குறிக்கும். பார்ப்பவர் கண்ணும் அவ்வாத்துக்களின் உயரத்திலேயே, அவற்றின் அருகிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. தொலைவில், அலைகளிடையே, ஒரு சிறு தோணி. அதிலிருந்து ஒரு செம்பொறி.

எந்த வாத்து குண்டு பட்டது, எது தப்ப முயல்வது என்று கலையறிஞர் வாதிடுவர். நம் மாணவர்க்கு அந்த ஐயம் எழவில்லை. வேட்டைக்காரர் எங்கே என்று முன்பு கேட்டவன், சற்றுத் தேடி அப்பொறியைக் கண்டுபிடித்தான்.

"இவன் எங்களை நோக்கியல்லவா சுடுகிறான்!" என்றான்.