லோகோ வந்தால் உயிர் இருக்கிறது

“போர்டு போயிடுச்சு அக்கா. ரிப்பேர் காசுக்கு வேற வாங்கிடலாம்.”

பிரிக்பீல்ட்ஸ் கடைத் தம்பி என் டேப்லட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, எனக்கு அதைவிட அதிலிருந்த பேட்டிகள்தான் கவலை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கட்டும் அம்மாக்களிடம் வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தவை.

மழையும் தூசியும் தாங்கும் என்று வாங்கிய பழைய ‘ரக்கட்’ டேப்லட் அது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 அதில் ஓடாது. எனவே டெபியன் லினக்ஸை ஏற்றினேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. மீண்டும் திறந்தால் தயாரிப்பாளரின் லோகோ, பிறகு கறுப்புத் திரை.

கிள்ளானில் கணினி வேலை பார்க்கும் உறவுக்கார அண்ணனிடம் ஓடினேன்.

“லோகோ வருதாம்மா? அப்படின்னா போர்டு சாகல.”

லோகோவைக் காட்டுவது லினக்ஸ் அல்ல. போர்டிலேயே இருக்கும் யூஇஎஃப்ஐ எனும் சிறு மென்பொருள். லினக்ஸைத் தொடங்கும் கோப்பு எங்கே என்ற முகவரியை அது நினைவில் வைத்திருக்க வேண்டும். சில கருவிகள் புது முகவரியை ஏற்காமல், விண்டோஸின் பழைய இடத்திலோ, எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்திலோ மட்டும் தேடும். வீடு இருக்கிறது, தபால்காரர்தான் பழைய வாசலில் நிற்கிறார்.

அண்ணன் வரிசையாகப் பார்த்தார். முதலில் நன்றாகச் சார்ஜ் ஏற்றினார். யூஎஸ்பி விசைப்பலகையை இணைத்து, யூஎஸ்பி ஹப் வழியாக நிறுவல் பென் டிரைவையும் சொருகினார். அமைப்புப் பக்கத்தில் உள்வட்டின் பெயர் தெரிந்தது, வட்டும் நலம். ‘செக்யூர் பூட்’டை அணைத்துப் பார்த்தார், பயனில்லை. பிறகு பென் டிரைவில் தொடங்கி, டெபியனின் மீட்பு முறைக்குப் போனார். தொடக்கக் கோப்பான ‘கிரப்’பைப் பொதுவான இடத்திலும் எழுதச் சொல்லும் தேர்வு அங்கே உண்டு. அதை அழுத்தினார். மறுதொடக்கத்தில் லினக்ஸ் திறந்தது. புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

“பழைய கோப்புகளைக் காப்பி எடுத்தியா?”

எடுக்கவில்லை. நிறுவும்போது ‘முழு வட்டையும் பயன்படுத்து’ என்பதை அழுத்தியது நானே. கருவி திரும்பியது; குரல்கள் திரும்பவில்லை.

மறுவாரம் அதே டேப்லட்டோடு பூக்கடைகளுக்குப் போனேன். அம்மாக்கள் சிரித்துக்கொண்டே மறுபடி பேசினார்கள். அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்தேன்.

நீங்களும் லினக்ஸ் ஏற்றப் போகிறீர்களா? முதலில் நகல். பிறகு திரை கறுத்தாலும் பதற வேண்டாம். லோகோ வருகிறதா என்று பாருங்கள்.