முற்பணத்தில் வளர்ந்த ஆங்கிலக் கடை

எமது வியாபாரிகளுக்கு முற்பணம் புதிய விடயமல்ல. பொருளைக் கொடுக்கும் வரை அது வாடிக்கையாளரின் பணம்தான் என்பதும் தெரிந்ததே. ஜப்பானில் ஆங்கிலம் விற்ற நோவா நிறுவனம் இந்தக் கணக்கில்தான் சறுக்கியது.

1981இல் ஒசாகாவில் நொசொமு சஹாஷி ஆரம்பித்த நிறுவனம் இது. 'ரயில் நிலையத்தின் முன்னாலேயே வெளிநாட்டுப் படிப்பு' என விளம்பரம் செய்து நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகளைத் திறந்தது. பாடங்கள் புள்ளிகளாக விற்கப்பட்டன. கூடுதலாக வாங்கினால் ஒரு புள்ளியின் விலை குறையும். மொத்த வியாபாரம் மாதிரித்தான். ஆனால், சீனி மூட்டை வாங்கியவர் அதைக் கையோடு கொண்டு போகிறார். இங்கே வாங்கியவரிடம் இருந்தது வாக்குறுதி மாத்திரமே.

ஆசிரியர்களின் பாடு வேறு. 40 நிமிடப் பாடம், 10 நிமிட இடைவெளி, பிறகு அடுத்த பாடம். மாணவர்கள் நேரம் பதிவு செய்து வருவதால் நேற்று வந்தவர் இன்று வேறொரு ஆசிரியரிடம் இருப்பார். அந்த 10 நிமிடத்துக்குள் புதியவரின் கோவையைப் புரட்டி, எதைப் படிப்பிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஒருவர் முன்னேறுகிறாரா என்று தொடர்ந்து பார்க்க வழியில்லை. கற்பிக்க ஆசைப்பட்டு வந்தவருக்கு இதைவிடச் சலிப்பு வேறென்ன? பணம் கட்டிய மாணவருக்கோ விரும்பிய நேரத்தில் இடமில்லை. புள்ளிகள் விற்ற வேகத்துக்கு ஆசிரியர்கள் சேர்க்கப்படவில்லை.

இடையில் விலகியோருக்குப் பணம் திருப்பும்போது, முடித்த பாடங்களுக்குக் கூடிய விலை போட்டுக் கழித்தார்கள். இது சட்டவிரோதம் என 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில், புதிய நீண்டகால ஒப்பந்தங்களுக்கு அரசாங்கம் ஆறு மாதத் தடை விதித்தது. புதிய முற்பணம் நின்றதும் பெட்டி வெறுமையானது.

செப்டெம்பரில் சம்பளம் பிந்தியது, ஒக்டோபரில் வரவேயில்லை. சம்பளத்தில் வாடகை கழிக்கப்பட்டிருந்தும் அது வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால், சில ஆசிரியர்களுக்கு வீட்டைக் காலி செய்யும்படி அறிவித்தல் வந்தது. ஒக்டோபர் 26இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியபோது சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலர் சாப்பாட்டுக்காகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டணம் கட்டிய இலட்சக்கணக்கான மாணவர்களும் ஏமாந்தார்கள்.

மாணவர்களுக்குப் பணம் திருப்புவதற்காக ஊழியர்களின் நலன்புரி நிதியில் கைவைத்த வழக்கில், 2009இல் சஹாஷி குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒரு பள்ளத்தை நிரப்ப இன்னொரு பள்ளம் தோண்டிய கதை. 2010 ஏப்ரலில், இதே தொழிலின் மற்றொரு பெரிய நிறுவனமான ஜியோஸும் வங்குரோத்தானது.