தறியில் இருவர், கணக்கில் ஒருவரா?

ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் சன்னிதிக்கு ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளர்கள் தம்பதியராக வருவதுண்டு. கணவர் தறியில் அமர, தார் சுற்றித் தருபவர் மனைவி. ஆயினும் பல இல்லங்களில் வங்கிக் கணக்கு கணவர் பெயரில் மட்டுமே. ‘அவளுக்கு எதற்கு இந்தத் தலைவலி?’ என்பார் பெரியவர். அவர் காலத்துக்குப் பின் அத்தலைவலி முழுவதும் அந்த அம்மையாருக்கே.

கணக்கை இருவர் பெயரிலும் வைத்து, இருவரில் எவரும், ஒருவருக்குப் பின் மற்றவரும் இயக்கலாம் என எழுதித் தருக. வைப்புத்தொகையாயின், ஒருவர் மறைந்தபின் முதிர்வுக்கு முன்பே மற்றவர் பணம் பெறும் உரிமையையும் அப்போதே எழுதித் தருதல் நலம். இதைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலோ, வாழ்க்கைத்துணையை மட்டுமே கூட்டாகச் சேர்க்கலாம். உச்சவரம்பு, 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் ரூபாய். கணவர் மறைந்தாலும், கூட்டாளியாகவோ ஒரே நாமினியாகவோ உள்ள மனைவி, விதிகளுக்குட்பட்டு அக்கணக்கைத் தொடரலாம்.