சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராதா?

மழைக்காலம் வந்தால் சென்னை வியாசர்பாடியில் கால்வாயோர வீடுகளுக்குப் பாம்பு பயமும் வந்துவிடும். பக்கத்திலேயே கேப்டன் காட்டன் கால்வாய், கிழக்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொடுங்கையூர் குப்பைமேடு, இடையில் புதர் மண்டிய ரயில்வே நிலம் என்று பாம்புக்கு வேண்டியதெல்லாம் இங்கே உண்டு. வாசலில் சிறியாநங்கை வை, துளசி வை, ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். என்ன செடி வைக்கிறோம் என்பதைவிட, அதை எப்படி வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பேன்.

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனைத் துகள்களைச் சேகரித்து, மேலண்ணத்தில் இருக்கும் உறுப்பால் மோப்பம் பிடிக்கிறது. எலியையும் தவளையையும் அது தேடுவது இப்படித்தான். சிறியாநங்கையின் பெருமையெல்லாம் கசப்பில் இருக்கிறது. கசப்பு என்பது சுவை. இலையைத் தின்னாத பாம்புக்கு அது தெரியப்போவதில்லை. வீட்டில் வளர்க்கும் எந்தச் செடியும் பாம்பை விரட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. எலுமிச்சைப் புல்லின் கதை இன்னும் மோசம். வாசனைக்காகச் சுவரோரம் நட்டால், அது தூராகப் பெருத்து, அடியில் இருளும் ஈரமுமாக எலி தங்க நல்ல இடமாகிவிடும். எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும், நல்ல பாம்பும் வரும்.

அதனால் தரையோடு படர்ந்து அடர்கிற செடிகளைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி போல அடித்தண்டு வெறுமையாகத் தெரியும்படி வளர்க்கக்கூடியவையே ஏற்றவை. கீழ்க்கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட வேண்டும். ஜன்னலுக்கு ஏறும் கொடியும் வேண்டாம். வியாசர்பாடியில் தோட்டத்துக்கு ஏது இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கட்டில் வரிசையாக நிற்கும் பெயின்ட் டப்பாச் செடிகளும் தோட்டம்தானே? தொட்டியைத் தரையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினால் அடியில் பெருக்கலாம், வெளிச்சம் விழும். காலித் தொட்டி, உடைந்த ஓடு, பழைய பலகை ஆகியவற்றின் குவியலை அகற்றி, கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரியவர்கள் சொன்னதுதானே, சிறியாநங்கையை வைத்தால் என்ன நஷ்டம் என்பார்கள். செடியால் நஷ்டமில்லை. அதை நம்பி எலி வளையை அடைக்காமல் விடுவதும், இருட்டில் டார்ச் இல்லாமல் நடப்பதும்தான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, கடிபட்டவருக்கு அதே இலையை அரைத்துக் கொடுத்து நேரத்தைக் கடத்துவது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கடித்தது எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்துதான். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.