முதுகுவலிக்கு இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்

முதுகுவலி என்று யாராவது சொன்னால் அதற்கான காரணத்தைச் சுற்றியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்: பைக் ஓட்டியது, குடம் தூக்கியது, நாற்காலி சரியில்லாதது. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், இந்தக் காரணங்கள் சரியா தவறா என்று யாரும் துருவிப் பார்ப்பதில்லை. ஆனால் இருபது, முப்பது வயதில் மெல்லத் தொடங்கி, மூன்று மாதம் தாண்டியும் விடாமல் தொடரும் ஒருவகை வலி உண்டு. ஓய்வெடுத்தால் அது குறையாது, நடமாடினால்தான் குறையும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். காலையில் எழுந்ததும் முதுகு இறுகிப்போயிருக்கும். இதற்குக் காரணம் தேய்மானம் அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலமே முதுகெலும்பிலும், அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்குகிறது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது இந்த நோய்க்குடும்பத்தில் பலருக்கும் தெரிந்த பெயர். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியவருவதற்குச் சராசரியாக 6 முதல் 7 ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய வலி உள்ளவர் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும்.

இவ்வளவு காலம் ஆவதற்கு மருத்துவர்களின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. நோயின் ஆதாரங்களே தாமதமாகத்தான் வெளிப்படுகின்றன. 1984-இல் திருத்தப்பட்ட நியூயார்க் வரையறையின்படி, மேலே சொன்ன இடுப்பு மூட்டில் ஏற்பட்ட மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் நோய் உறுதியாகும். அந்த மாற்றம் எக்ஸ்ரேயில் பதியும் அளவுக்கு வளரவே பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு முன்பே அழற்சியைக் காட்டக்கூடிய எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு 2009-இல் வந்த சர்வதேச வரையறைதான் இடம் கொடுத்தது. ரத்தப் பரிசோதனையும் தீர்ப்புச் சொல்வதில்லை. நோய் இருந்தும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இயல்பாக இருப்பவர்கள் கணிசமானோர். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மரபுக்கூறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. அது இல்லாத சிலருக்கு வருகிறது. போதாக்குறைக்கு, இது ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத நிலையில் ஆண், பெண் எண்ணிக்கை ஏறக்குறைய சமம் என்பது பின்னர்தான் தெளிவானது. இன்றும் பெண்களுக்கு நோய் கண்டறியப்படுவது ஆண்களைவிடத் தாமதமாகத்தான்.

அதே வேளையில், தவறான விடை ஒன்று எளிதில் கிடைத்துவிடுகிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு வழக்கமாக எடுப்பது கீழ்முதுகு ஸ்கேன். அதில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தால் தேடல் அத்தோடு நின்றுபோகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் இருப்பதைக் காட்டியது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. அழற்சி இருக்கும் இடுப்பு மூட்டோ அந்த ஸ்கேனில் முழுமையாகப் பதிவாகாமலே போகலாம். இன்னொரு மருத்துவர் அதே படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், வலியின் வரலாற்றை முதலிலிருந்து கேட்கவேண்டியது இதனால்தான். எப்போதோ கண் சிவந்து வலித்ததா, குதிகாலில் வலி உண்டா, சொரியாசிஸ் இருக்கிறதா, குடல் அழற்சி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்ததா? இந்நோய்க்குத் துப்புத் தரும், எலும்பு மருத்துவருக்குப் பெரும்பாலும் கேட்க நேரமில்லாத இக்கேள்விகளை மூட்டு அழற்சி நோய்களுக்கான ருமட்டாலஜி நிபுணர் முதலில் கேட்பார்.

இரண்டாவது கருத்தின் பயன் பற்றி அளந்து சொன்ன ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு வேறு மருத்துவர்களால் அனுப்பப்பட்ட 286 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியானது. முதலில் சொல்லப்பட்ட நோய் அப்படியே உறுதியானது 12 சதவீதம் பேருக்குத்தான். 21 சதவீதம் பேருக்கு முற்றிலும் வேறு நோய் என்று தெரிந்தது. 66 சதவீதம் பேருக்கு முதல் முடிவு மேலும் துல்லியமானது. இவர்கள் சிக்கலான நோயாளிகள் என்பதால்தான் அங்கே அனுப்பப்பட்டார்கள். எனவே காய்ச்சலுக்கும் சளிக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தக்கூடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் அழற்சி வலி அத்தகைய சிக்கலான வகையில்தான் சேரும். முதல் மருத்துவர் தவறிவிட்டாரா என்பதல்ல இங்கே முக்கியம். அவர் தொடங்கிவைத்த தேடல் பெரும்பாலும் இரண்டாவது கருத்தால் கூர்மையாகிறது என்பதே கவனிக்கவேண்டியது.

இரண்டாவது கருத்து விடுபட்ட நோயைக் கண்டுபிடிக்க மட்டும் உதவுவதில்லை. இல்லாத நோய்க்கு மருந்து எடுப்பதையும் தடுக்கும். ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், அண்மையில் பிரசவித்த பெண்கள் ஆகியோரின் இடுப்பு மூட்டு எம்.ஆர்.ஐ.யிலும் அழற்சி போன்ற தோற்றம் தெரிவதுண்டு. நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் காசநோய் தாக்கலாம். அதுவும் நாள்பட்ட முதுகுவலியாகவே தொடங்கும். அழற்சியை அடக்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் பலரை மறுபடி நடமாடவைத்த அருமையான மருந்துகள்தான். ஆனால் உடலில் பதுங்கியிருக்கும் காசநோயை அவை கிளப்பிவிடக்கூடும். அதனால்தான் ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகிறது. நீண்ட காலம் போடவேண்டிய, செலவு மிகுந்த அத்தகைய மருந்தைத் தொடங்கும் முன் இன்னொரு நிபுணரைக் கேட்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்ற தயக்கம்தான் நம்மிடம் பெரிதாக இருக்கிறது. இரண்டாவது கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. "ரொம்ப நாளா வலி விடலை சார், ஒரு ருமட்டாலஜி டாக்டரையும் பாத்துட்டு வர்றேன், ஒரு லெட்டர் குடுங்க" என்று நேராகவே கேட்கலாம். நல்ல மருத்துவர் அதைத் தடுக்கமாட்டார். செலவு என்பதும் நியாயமான கவலைதான். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனிப்பிரிவே இருக்கிறது. பிற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போனால் அதை எந்த மருந்தாலும் திரும்பப் பிரிக்க முடியாது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கடைசியாக வரும் ஆட்சேபம் வலுவானது: இப்படியே போனால் மாதம் ஒரு டாக்டர் என்று அலையவேண்டியதுதானே? அலைவது வேறு, கேட்பது வேறு. மனதுக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை, பழைய சீட்டுகளை மறைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் புதிதாகத் தொடங்குவது அலைச்சல். வலி எப்போது தொடங்கியது, எந்த மருந்தை எத்தனை நாள் எடுத்தோம், எதில் குறைந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அறிக்கைகளோடு ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு உரிய துறை நிபுணரிடம் போவதே கேட்பது. நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் வலியின் வரலாற்றைச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் புதிதாக யோசிப்பார். இடையில் மருந்தை, குறிப்பாக ஸ்டீராய்டை, நீங்களாக நிறுத்தாதீர்கள். இருவர் சொல்வதும் மாறுபட்டால், எந்த ஆதாரத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், வேறு எந்த நோயாக இருக்கக்கூடும் என்ற இரண்டு கேள்விகளை இருவரிடமும் கேளுங்கள். விளக்கத்தோடு பதில் தருபவரிடம் சிகிச்சையைத் தொடருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், முதுகுவலியோடு விடாத காய்ச்சல், கண் சிவந்து வலித்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மற்றபடி, நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய, ஓய்வில் கூடும் முதுகுவலி உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இருந்து, இதுவரை ருமட்டாலஜி நிபுணர் யாரும் பார்த்திருக்காவிட்டால், இந்த மாதமே ஒருவரைப் பாருங்கள்.