மனநோய் தீர்க்கும் படிப்பு

புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு வீட்டுப் பெண், பி.ஏ. தேறியபின், மனநலம் சம்பந்தமான முதுகலைப் பட்டத்துக்குப் படிக்கப் போவதாகச் சொன்னால் என்ன நடக்கும்? பாட்டி காதைப் பொத்திக்கொள்வாள். "பைத்தியங்களோடு பழகவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்பாள் தாயார். "வரன் பார்க்க வருகிறவர்களிடம் என்னவென்று சொல்வது?" என்று கவலைப்படுவார் தகப்பனார். எஞ்ஜினீயர் படிப்பென்றால் நிலத்தை அடமானம் வைக்கவும் தயங்காத குடும்பம், இப் படிப்பின் பெயரைக் கேட்டதும் திகைத்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்கள் பெற்றோரோடும் பழகும் நாம் இத்தகைய பேச்சைக் கேட்காத வருஷம் இல்லை.

இதே புதுக்கோட்டை இத்தகைய திகைப்பை முன்பும் கண்டதுண்டு. 1904-ம் வருஷத்தில் முத்துலட்சுமி என்ற பெண் இங்கிருந்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்பிள்ளைகளுடன் ஒரு பெண் உட்கார்ந்து படிப்பதாவது என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். அப் பெண்மணியே 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் அவருடைய முயற்சியால் தோன்றியது. ஊர் தயங்கிய படிப்பே பிற்பாடு ஊருக்குப் பெருமையாயிற்று.

மனநலப் படிப்பு நமக்கு அவசியந்தானா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே விடை கூறும். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் தமிழ்நாடு உள்பட 12 ராஜ்யங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தினார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துவதாகத் தெரிந்தது. அவர்களுள் தக்க சிகிச்சை பெறாதவர்களோ, நோய்க்குத் தக்கபடி, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை! இவர்கள் எங்கோ கோட்டைச் சுவருக்குள் இருப்பவர்கள் அல்லர். நம் தெருவிலும், நம் உறவிலும், சிலவேளை நம் வீட்டுக் கூடத்திலுமே இருப்பவர்கள்.

சிகிச்சை கிடைக்காத இடத்தில் சங்கிலி வந்து சேர்கிறது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓடித் தப்ப இயலாமல் தவித்தார்கள். 28 உயிர்கள் மாண்டன. தேசமே தலைகுனிந்தது. 2018 மே 29 முதல் அமுலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை விலக்கி, சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று கூறுகிறது. ஆனால் உரிமையை ஏட்டில் எழுதினால் மட்டும் போதுமா? வைத்தியம் செய்வதற்குக் கற்றவர்கள் வேண்டாமா?

அக் கல்விக்கு நான்கு வாசல்கள் உண்டு. எம்.பி.பி.எஸ். தேறியவர்கள் மேலும் மூன்று வருஷம் பயின்று, மனநோய் வைத்தியத்தில் எம்.டி. பட்டம் பெறலாம். நர்ஸுப் பட்டதாரிகளுக்கு மனநலப் பிரிவில் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. உண்டு. கலைப் பட்டதாரிகளும் சமூகப் பணியில் இரண்டு வருஷ முதுகலைப் பட்டம் படித்து, அதில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். மனோதத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெறுவது நான்காவது வழி. எனினும் சிகிச்சை செய்யும் மனோதத்துவ நிபுணர் என்று பெயர் பெற, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சியும் வேண்டும். இவ் விதிகள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். சில வாரங்களில் சர்ட்டிபிகேட் தரும் வகுப்புகள் இவற்றுக்கு ஈடாகா.

படிப்பு சுலபமானதன்று. புஸ்தகத்தைக் காட்டிலும் நோயாளியிடமே அதிகம் கற்க வேண்டும். காய்ச்சலைக் கண்ணாடிக் குழாய் காட்டிவிடும். மனச்சோர்வைக் காட்ட அத்தகைய கருவி ஒன்றும் இல்லை. பேச்சே இங்கே பரிசோதனை. நம் கிராமத்து ஜனங்கள் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சை அடைக்கிறது" என்பார் ஒருவர். "தலையில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது" என்பார் இன்னொருவர். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று அழுவாள் ஒரு தாய். சிரிக்காமலும் சினக்காமலும் கேட்டு, அச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் துயரத்தை அறிபவரே நல்ல வைத்தியர். பாடப் புஸ்தகம் இங்கிலீஷில் இருக்கலாம். துயரம் தாய்மொழியில்தான் பேசுகிறது. ஆகவே அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இத் துறையில் தனித் தகுதி உண்டு.

இதைப் படித்த பெண் கெட்டுப்போவாள் என்று அஞ்சுவோர் டாக்டர் சாரதா மேனன் வரலாற்றை நினைக்கவேண்டும். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில், 1954-ல், பெங்களூரில் அகில இந்திய மனநல ஸ்தாபனம் ஏற்பட்டது. அதுவே பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. அங்கே பயின்ற அவர், 1961-ல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1978 வரை அதை நடத்தினார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-ல் ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-ல், 98-ம் வயதில் காலமாகும்வரை மதிப்புக் குன்றாத வாழ்வு அது.

உடல் நோய்க்கு டாக்டர் வேண்டும் என்பதை நம் வீடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. மனத்துக்கும் வேண்டும் என்பதை இன்னும் முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணோ பிள்ளையோ இக் கல்வியை நாடினால், பெற்றோர்கள் தடுக்காமல் ஆசீர்வதித்து அனுப்புவார்களாக. சங்கிலியை அறுக்கச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு வேண்டிய கைகளை நம் வீடுகள்தாம் தரவேண்டும்.